பிசைவது யார் வேலை?

தென்கொரியாவின் சுவோன் நகரத்துக்கு வேலைக்கு வந்த மூன்றாவது வாரம் அது நடந்தது. அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஆறே மேசை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாதான் அங்கே முதலாளி, சமையல், பரிமாறல் எல்லாம். மனப்பாடம் செய்து வைத்திருந்த சொற்களைச் சொன்னேன்: "கோகி பேகோ." இறைச்சி வேண்டாம். முட்டைக்கும் கையை ஆட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய், அகலமான எவர்சில்வர் கிண்ணத்தில் பிபிம்பாப் கொண்டுவந்து வைத்தார். சோற்றின் மேல் வட்டமாக, ஒன்றையொன்று தொடாமல், கீரை ஒரு பக்கம், கேரட் ஒரு பக்கம், விரல் நீளத்துக்கு வெள்ளை வாலும் மஞ்சள் தலையுமாக முளைகட்டிய சோயாப் பயறு, காளான், பெயர் தெரியாத ஏதோ ஒரு பழுப்புத் தண்டு. நடுவில் சிவப்பாகக் கோச்சுஜாங் என்ற புளித்த மிளகாய் விழுது. கோலத்தில் கால் வைப்பதுபோல இருந்தது அதில் கரண்டியை வைக்க.

நான் எனக்குத் தெரிந்தபடி சாப்பிட ஆரம்பித்தேன். கொஞ்சம் கீரை, கொஞ்சம் சோறு. அப்புறம் கொஞ்சம் கேரட், கொஞ்சம் சோறு. இலையில் உட்கார்ந்து பொரியலைத் தொட்டுக்கொண்டு வளர்ந்தவன் வேறெப்படிச் சாப்பிடுவான்? நான்காவது வாய் உள்ளே போயிருக்கும். அந்த அம்மா விறுவிறுவென்று வந்தார். "பிப்யோ, பிப்யோ" என்றார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கிண்ணத்துக்குள் விட்டு, அடியிலிருந்து மேலாகப் புரட்டி, ஓரத்தில் அழுத்தி, மறுபடி புரட்டி, இருபது வினாடியில் மொத்தத்தையும் செக்கச்செவேலென்று ஆக்கிவிட்டார். பிறகு கரண்டியைத் திருப்பி என் கையிலேயே கொடுத்து, "ம்ம், இப்போ சாப்பிடு" என்பதுபோலத் தலையசைத்துவிட்டுப் போனார்.

பிபிம் என்றால் பிசைந்தது, பாப் என்றால் சோறு என்பதெல்லாம் கொரியத் தொடர்கள் பார்த்துப் பழகிய நம் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. (அப்பா, அம்மா என்று அவர்களும் நம்மைப்போலவே அழைப்பதைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட வராது. அந்தப் பேச்சை இங்கே ஐந்து வருடமாகக் கேட்டுவிட்டேன்.) என்னை அரித்தது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, அது என் எச்சில் கரண்டி. நாங்கள் தண்ணீரைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும் வீட்டுக்காரர்கள். அன்று என் வயிறு ஒரு கணம் மேலே வந்து போனது. ஆனால் இந்தச் சங்கடம் ஆறு மாதத்தில் தானாகக் கரைந்துவிட்டது. ஒரே சட்டியில் கொதிக்கும் குழம்புக்குள் நாலு பேர் நாலு கரண்டியை விட்டுச் சாப்பிடும் ஊரில், எச்சில் பார்ப்பவன் பட்டினிதான் கிடக்க வேண்டும்.

இரண்டாவதுதான் போகவே இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசையத்தான் போகிறார்கள் என்றால், ஒவ்வொரு காயையும் எதற்குத் தனித்தனியாக வேகவைத்து, தனித்தனியாக உப்புப் போட்டு, தனித்தனியாக அடுக்க வேண்டும்? எனக்கு அது வெறும் காட்சிக்காகச் செய்வதாகத் தோன்றியது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கூட்டாஞ்சோறு என்று ஒன்று உண்டு. அரிசி, பருப்பு, கத்திரிக்காய், வாழைக்காய், முருங்கைக்கீரை, அரைத்த தேங்காய் எல்லாம் ஒரே பானையில் வேகும். யாரும் எதையும் வட்டமாக அடுக்குவதில்லை. ருசிக்கு என்ன குறைச்சல்? அம்மாவிடம் வீடியோவில் பிபிம்பாப் செய்முறையைச் சொன்னபோது அவளும் அதையேதான் கேட்டாள்: "எல்லாத்தையும் பெசையத்தானல போற? அப்புறம் எதுக்கு ஆறு சட்டி?"

வெளியில் சாப்பிடுவதில் இன்னொரு தொல்லையும் இருந்தது. "கோகி" என்றால் அவர்கள் மனத்தில் மாடு, பன்றி, கோழி. நெத்திலி அதில் சேர்த்தி இல்லை. கீரைக்கு ஊற்றிய சாற்றில் நெத்திலி இருக்கும், கிம்ச்சியில் உப்பிட்ட இறால் இருக்கும். பிபிம்பாப்புக்குப் பெயர்போன ஜொன்ஜு நகரின் பழைய முறையில் சோற்றையே மாட்டிறைச்சிச் சாற்றில்தான் வேகவைப்பார்கள். கோச்சுஜாங்கிலும் மாட்டிறைச்சி சேர்த்து வதக்கிய ஒரு வகை புட்டியில் விற்கிறது. யாரும் ஏமாற்றுவதில்லை. அவர்கள் கணக்கு அப்படி, அவ்வளவுதான். பொட்டலத்தின் பின்னால் "ஹாம்யூ" என்று முடியும் வரியைத் தேடிப் படிக்கக் கற்றேன். இன்னின்ன அடங்கியது என்று பொருள். சோயாவும் கோதுமையும் மட்டும் இருந்தால் கூடையில் போடுவேன். சரி, வீட்டிலேயே செய்துவிடுவோம் என்று இறங்கியது இப்படித்தான்.

முதல் முறை, என் கொள்கைப்படி, ஒரே வாணலியில் செய்தேன். எண்ணெய் விட்டு, பூண்டு தட்டிப் போட்டு, கேரட், சுரைக்காயின் தம்பிபோல இங்கே கிடைக்கும் எஹோபாக், காளான், முளைப்பயறு, கடைசியில் கீரை. பொரியல் செய்யத் தெரிந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம்? பத்து நிமிடத்தில் வாணலி அடியில் பச்சையும் பழுப்புமாக ஒரு குளம் நின்றது. அதைச் சோற்றில் கொட்டிக் கோச்சுஜாங் போட்டுப் பிசைந்தபோது சிவப்புக் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. கேரட் வேகவில்லை, கீரை கரைந்துவிட்டது, எதைக் கடித்தாலும் ஒரே ருசி. சாப்பிட்டேன். கொட்ட மனம் வரவில்லை.

கீரையின் தண்ணீர்

சுவோனில் பல்தால்முன் கோட்டைவாசலைச் சுற்றி ஒட்டிக்கொண்டதுபோல வரிசையாகச் சந்தைகள் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் அங்கே போவேன். முதல் காரணம் எண்ணெய். சின்னச் சின்ன ஆலைகளில் எள்ளை வறுத்து, கண்முன்னால் பிழிந்து, பச்சை நிற சோஜு பாட்டில்களைக் கழுவி அதில் ஊற்றி விற்பார்கள். சாராய பாட்டிலில் நல்லெண்ணெய்! ஆனால் நம் நல்லெண்ணெய் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். நாம் எள்ளை வறுக்காமல், கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டுகிறோம். இவர்கள் நன்றாகச் சிவக்க வறுத்துப் பிழிகிறார்கள். நிறம் கருந்தேன்போல இருக்கும். மணம் எள்ளுருண்டைக்கு எள் வறுக்கும் மணம். இதை அடுப்பில் காயவைத்துத் தாளித்தால் அந்த மணம் போய்க் கசப்புத்தான் மிஞ்சும். அடுப்பை அணைத்த பிறகு, நெய் விடுவதுபோலச் சொட்டு விட வேண்டும். இதையும் நான் ஒரு பாட்டில் எண்ணெயைப் பாழாக்கித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஆலைக்கு எதிரே ஒரு பான்சான் கடை. பான்சான் என்றால் தொடுகறிகள். இருபது முப்பது தட்டுகளில் நாமுல் வகைகளை மலைபோலக் குவித்து எடைக்கு விற்பார்கள். வேகவைத்தோ வதக்கியோ பக்குவம் செய்த கீரை, தண்டு, வேர், முளை எல்லாவற்றுக்கும் நாமுல் என்றுதான் பெயர். கடைக்காரப் பெண்மணியை எல்லாரும் "இமோ" என்பார்கள். அம்மாவின் சகோதரி, நம் கணக்கில் சித்தி. நானும் இமோ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என் ஒரு வாணலிக் கதையை அரைகுறைக் கொரிய மொழியில் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மூல்" என்றார். தண்ணீர். அப்புறம் "இங்கே வா" என்று கடைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

அங்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில், கொதிநீரில் போட்டு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசிய பசலைக்கீரை மிதந்துகொண்டிருந்தது. இமோ வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி ஒரு கொத்தை அள்ளினார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை. துணி பிழிவதுபோல முறுக்கவில்லை. மேலிருந்து கீழாக, பசுவின் மடியில் கை இறங்குவதுபோல, அழுத்தி அழுத்தி இறக்கினார். பச்சைத் தண்ணீர் முதலில் கொட்டியது, பிறகு ஒழுகியது, பிறகு சொட்டியது. சொட்டு நின்றதும் நிறுத்திவிட்டார். நான் கையை நீட்டியதும் அதே கொத்தை என்னிடம் கொடுத்தார். நான் என் பலத்தையெல்லாம் காட்டி ஒரு பிழி பிழிந்தேன். இன்னும் தண்ணீர் வந்தது. எனக்குப் பெருமை. அவர் அந்தக் கொத்தை வாங்கிப் பிரித்து என் முகத்துக்கு நேரே காட்டினார். இலைகள் கசங்கி நார் நாராகத் தொங்கின. "சாகடித்துவிட்டாய்" என்றார். அவர் பிழிந்த இன்னொரு கொத்தை உதறினார். இலை இலையாகப் பிரிந்து விழுந்தது.

பிழிந்த கீரையை அகன்ற பாத்திரத்தில் போட்டு, சூப்புக்கு விடும் வெளிர்நிறச் சோயா நீர் ஒரு மடக்கு, நசுக்கிய பூண்டு, பொடியாக அரிந்த வெங்காயத்தாள், எள்ளெண்ணெய், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்த வறுத்த எள். கரண்டியே கிடையாது. விரல்களை அகல விரித்து, கீரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக் கலந்தார். அழுத்திக் கலந்தால் மறுபடி தண்ணீர் விடும் என்றார். நமக்குக் கைப்பக்குவம் என்பதுபோல இவர்களுக்கும் "சோன்மாத்" என்று ஒரு சொல் இருக்கிறது. சோன் என்றால் கை, மாத் என்றால் ருசி. அதுவரை அதை நான் புகழ்மொழி என்று நினைத்திருந்தேன். அன்று பார்த்தது முழுக்கத் தண்ணீர்க் கணக்கு. எவ்வளவு எடுக்க வேண்டும், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பதைக் கைதான் சொல்கிறது.

பேருந்தில் திரும்பும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு காயும் வேறு வேறு அளவில் தண்ணீரைச் சுமந்துகொண்டு வருகிறது. கீரை வெந்நீரில் அரை நிமிடம்தான் தாங்கும். எஹோபாக்குக்கு உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால்தான் தண்ணீரை விடும். காய்ந்த பியோகோ காளான் எதிர்த்திசை, அது தண்ணீரைக் குடிக்க வேண்டும். அந்தப் பெயர் தெரியாத பழுப்புத் தண்டு கோசாரி, ஒரு வகைப் பெரணியின் இளங்குருத்து. வேகவைத்துக் காயப்போட்டு விற்பார்கள். அதை இரவு முழுக்க ஊறவைத்து மறுபடி வேகவைக்க வேண்டும். இத்தனையையும் ஒரே வாணலியில் தள்ளினால், எல்லாத் தண்ணீரும் சேர்ந்து எல்லாவற்றையும் ஒரே ருசிக்குக் கொண்டுவந்துவிடும். கூட்டாஞ்சோற்றில் நமக்கு வேண்டியதே அதுதான். கத்திரிக்காயின் நீர் பருப்புக்குள் போக வேண்டும், பருப்பு அரிசிக்குள் போக வேண்டும். பிபிம்பாப்பில் சண்டைக்காரர்களைக் கடைசி நிமிடம்வரை தனித்தனி அறையில் வைத்திருக்கிறார்கள். வாய்க்குள் போன பிறகும் கேரட் கேரட்டாகவே இருக்க வேண்டும்.

இப்போது நான் செய்யும் விதம்

இரண்டு பேருக்கு, மின்குக்கரோடு வரும் 180 மில்லி கப்பில் இரண்டு கப் உருண்டை அரிசி. கழுவி அரைமணி ஊறவைத்து, குக்கரின் அளவுக்கோட்டுக்கு ஒரு நூல் குறைவாகத் தண்ணீர். சோறு கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும். குழைந்தால் பிசையும்போது களியாகிவிடும். பொன்னி அரிசியிலும் செய்து பார்த்தேன், காய்கள் ஒட்டாமல் கிண்ணத்தில் தனியே உருண்டன.

முளைப்பயறு 200 கிராம். கொங்நாமுல் என்பார்கள். கொஞ்சம் தண்ணீர், உப்பு, மூடி போட்டு ஐந்து நிமிடம். இதில் இங்கே எல்லாப் பாட்டிகளும் ஒரே குரலில் சொல்லும் சட்டம் ஒன்று உண்டு. மூடினால் கடைசிவரை மூடியே இரு, திறந்தால் கடைசிவரை திறந்தே வை. நடுவில் திறந்து எட்டிப் பார்த்தால் பச்சை வாடை அடிக்கும். நான் எட்டிப் பார்த்தேன். அடித்தது. கீரை 200 கிராம், வெந்து பிழிந்தால் ஒரு கைப்பிடிதான் தேறும், குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். முட்டைக்குப் பதிலாகத் தோஃபுவை உதிர்த்து, வெறும் வாணலியில் ஈரம் போகும்வரை புரட்டி, ஒரு சொட்டு எண்ணெயும் உப்பும். குழம்புக்குக் கோச்சுஜாங் இரண்டு கரண்டி, எள்ளெண்ணெய் ஒன்று, இங்கே மேசில் என்று சொல்லும் பச்சை உமேப் பழத்தில் ஊறிய சர்க்கரைப்பாகு ஒன்று, தண்ணீர் ஒன்று. கோச்சுஜாங் வெறும் மிளகாய் விழுது இல்லை. புளித்த சோயா மாவும் ஒட்டரிசியும் முளைகட்டிய பார்லியும் சேர்ந்து ஊறியது. காரத்துக்குப் பின்னால் ஓர் இனிப்பு மெதுவாக வரும். நம் நாக்குக்குக் காரம் போதாது என்று மிளகாய்த்தூள் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடில்லை.

அப்புறம் அம்மாவின் ஆறு சட்டிக் கேள்வி. பதில் இமோவிடமே இருந்தது. சட்டி ஒன்றுதான், வரிசைதான் முக்கியம். வெளுத்ததில் தொடங்கிக் கறுத்ததில் முடிக்க வேண்டும். முதலில் எஹோபாக், பிறகு கேரட், பிறகு சோயா நீரும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் விட்ட காளான், கடைசியில் கோசாரி. ஒன்றின் கறை அடுத்ததில் தெரியாது, நடுவில் வாணலியைக் கழுவவும் வேண்டாம். எடுத்து எடுத்து ஒரு தட்டில் குவியல் குவியலாக வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். இதை அம்மாவிடம் சொன்னபோது "அப்படிச் சொல்லு" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

பெருங்காயப் பிரச்சினை

சந்திரமான நான்காம் மாதம் எட்டாம் நாள் இங்கே புத்தர் பிறந்தநாள், அரசு விடுமுறை. அன்று நாடு முழுக்கக் கோயில்களில் வருகிறவர்களுக்கெல்லாம் பிபிம்பாப் போடுவார்கள். ஒரு நண்பன் என்னைச் சுவோனுக்குப் பக்கத்தில் யோங்ஜுசாவுக்கு அழைத்துப் போனான். ஜொங்ஜோ மன்னர் தன் தந்தையின் சமாதிக்காக 1790-இல் எழுப்பிய கோயில். அந்தத் தந்தை எப்படி இறந்தார் என்பது ஒரு கொடுமையான கதை. 1762-இல் பெற்ற தகப்பனே மகனை அரிசி கொட்டிவைக்கும் மரப்பெட்டிக்குள் அடைத்தார், நம் பத்தாயம் மாதிரி. எட்டு நாளில் உயிர் போனது. அந்த மனிதரின் நினைவாக எழுந்த இடத்தில் வரிசையில் நின்று சோறு வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது வெயிலில் நிற்கும்போது திடீரென்று உறைத்தது.

வரிசை மெதுவாக நகர்ந்தது. ஏப்ரன் கட்டிய பெண்கள் ஆளுக்கு ஒரு தொட்டிக்கு முன்னால் நின்றார்கள். ஒருவர் சோறு, ஒருவர் முள்ளங்கி, ஒருவர் கீரை, ஒருவர் கோசாரி. கிண்ணம் கை மாறி மாறி நகர, ஒவ்வொருவரும் ஒரு பிடி வைத்தார்கள். நம் பந்தியில் பரிமாறுபவர்கள் நடப்பார்கள், இலை உட்கார்ந்திருக்கும். இங்கே இலை நடக்கிறது. மண்டபத்தின் படியில் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டேன். இந்த நாட்டில் எதையும் விசாரிக்காமல், எந்த வரியையும் படிக்காமல் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. பூண்டு இல்லாததுகூடப் பாதிக் கிண்ணம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

அங்கே கோயில் சமையலைப் பற்றி ஒரு தட்டி வைத்திருந்தார்கள். இறைச்சி மீன் மட்டுமல்ல, மனத்தைக் கிளறும் என்று ஐந்து காரப் பொருள்களையும் துறவிகள் விலக்குகிறார்கள். பூண்டு, வெங்காயத்தாள், பூச்சு என்ற பூண்டுப்புல், தாலே என்ற காட்டுவெங்காயம், ஐந்தாவது ஹுங்கோ. முதல் நான்கும் சந்தையில் தினம் பார்ப்பவை. ஹுங்கோ என்றால் என்ன என்று நண்பனைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. கொரியாவில் விளையாத ஏதோ ஒன்று, பழைய நூல்களில் மட்டும் வரும் என்றான். கைப்பேசியில் தேடி, படத்தோடு என்னிடம் நீட்டினான். பெருங்காயம். சமஸ்கிருத ஹிங்கு சீனம் வழியாக நடந்து நடந்து ஹுங்கோ ஆகியிருக்கிறது.

நான் அந்தப் படியிலேயே சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் விரத நாளில் வெங்காயம் பூண்டு இல்லாத குறையைத் தீர்ப்பதே பெருங்காயம்தான். ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா பெட்டியில் முதலில் வைத்தது அந்த மஞ்சள் டப்பாவை. பூண்டில்லாத பிபிம்பாப்பில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கலாம் என்று அன்று காலைகூட நினைத்திருந்தேன். நாம் பூண்டை விலக்கியவர்களுக்கென்று வைத்திருக்கும் பொருளை இவர்கள் பூண்டோடு சேர்த்து விலக்கியிருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலோர் கண்ணால்கூடப் பார்க்காத பொருளை. நண்பனுக்கு விளக்கினேன். அவன் கவலையோடு, "அப்படியென்றால் உங்கள் மனம் கிளறப்படுவதில்லையா?" என்றான். எங்களுக்கு வாயுவுக்கு நல்லது என்று சொல்லிவைத்தேன்.

யார் பிசைவது

இத்தனைக்கும் பிறகு எனக்கு ஒரு கொள்கை உருவாகியிருந்தது. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், கூட்டாஞ்சோறு எல்லாம் சமைப்பவர் கலப்பவை. நம் கைக்கு வரும்போது வேலை முடிந்திருக்கும். பிபிம்பாப்பில் கடைசி வேலையைச் சாப்பிடுபவரிடம் விட்டுவிடுகிறார்கள். ஆகவே அது கலந்த சாத வகையில் சேராது, அது ஒரு முழு இலைச் சாப்பாடு. சோற்றைக் குழித்துச் சாம்பார் ஊற்றி, எவ்வளவு பிசைவது, எந்தக் கறியை எந்தக் கவளத்தோடு சேர்ப்பது என்பதை இலைக்கு முன்னால் இருப்பவர்தானே முடிவு செய்கிறார்? நான்கு பேரிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டும் விட்டேன்.

அலுவலகத்தில் ஒரு மூத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட 'சியுயிஜொன்சோ' என்ற சமையல் சுவடியைப் பற்றிச் சொன்னார். எழுதியவர் பெயர் தெரியாது. பிபிம்பாப்புக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய செய்முறைகளில் முக்கியமானது அதில்தான் இருக்கிறது. அதில் காய்களையும் இறைச்சியையும் தனித்தனியாக வதக்கி, சோற்றோடு சேர்த்து, எள்ளுப்பொடியும் எண்ணெயும் தாராளமாக விட்டு, அடுக்களையிலேயே பிசைந்து, அப்புறம்தான் கிண்ணத்தில் போடச் சொல்லியிருக்கிறது. மேலே முட்டைத் துண்டும் சிறு இறைச்சி உருண்டைகளும் வைப்பது மட்டும் அலங்காரம். ஆக, ஒரு காலத்தில் அதுவும் சமைத்தவர் கையால் பிசைந்து வந்த சாதம்தான். கொள்கை அங்கேயே படுத்துவிட்டது. ஒன்று மட்டும் தப்பியது: அப்போதும் தனித்தனியாகத்தான் வதக்கியிருக்கிறார்கள். பிழிந்த தண்ணீர் பிழிந்ததுதான்.

அந்தக் கடைக்கார அம்மாவை நான் வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்ததும் அப்போதுதான். அவர் என் சாப்பாட்டில் தலையிடவில்லை, சமையலை முடித்துவைத்தார். பாதியில் நின்ற வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடிந்திருக்காது.

போன மாதம் தோல்சோத் ஒன்று வாங்கினேன். சூடான கல் கிண்ணத்தில் அடி தீய்ந்து மொறுமொறுப்பாக வருமே, அந்தக் கிண்ணம். தோல் என்றால் கல், சோத் என்றால் சட்டி. கல்சட்டி! எங்கள் ஆச்சி வீட்டில் சேலத்திலிருந்து வாங்கிய ஒன்று வத்தக்குழம்புக்கென்றே இருந்தது. புதுக் கல்சட்டியை ஆச்சி நாள் கணக்கில் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்குவாள். நானும் அப்படியே பழக்கினேன். உள்ளே எள்ளெண்ணெய் தடவி, சோற்றைப் பரப்பி, காய்களை அடுக்கி, சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம். காதை வைத்துக் கேட்க வேண்டும். முதலில் சத்தமே இருக்காது, பிறகு ஈரம் போகப் போக அடியில் மெல்லச் சடசடக்கும். அந்தச் சத்தம் சீராக வந்து, வறுத்த வாசனை எட்டியதும் இறக்கிவிடலாம்.

சனிக்கிழமை நம்மூர்ப் பையன்கள் இரண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். ஒருவன் மதுரை. கரண்டியை ஓரம் வைத்துவிட்டுக் கையை விட்டான். கல் சூட்டில் துள்ளி எழுந்து, விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நடந்தான். அப்புறம் எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றிக் கொடுத்ததும் கையாலேயே பிசைந்து, கவளம் கவளமாக உருட்டிச் சாப்பிட்டான். இன்னொருவன் புதிதாக வந்தவன். கொஞ்சம் கீரை, கொஞ்சம் சோறு. அப்புறம் கொஞ்சம் கேரட், கொஞ்சம் சோறு. கோச்சுஜாங்கை ஊறுகாய் மாதிரி நுனியால் தொட்டுக்கொண்டான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அடியில் சடசடப்பு அடங்கிக்கொண்டிருந்தது. இப்போது புரட்டாவிட்டால் அடிச்சோறு கருகிக் கல்லோடு பிடித்துக்கொள்ளும். இன்னும் இரண்டு வாய் பொறுத்தேன். பிறகு என் கை தானாகப் போய் அவன் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டது.

அவன் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் கடைசிவரை பிசைந்து, கரண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும் கல்லில் ஒட்டியிருந்த காந்தலில் வெந்நீர் ஊற்றி மூடிவைத்தேன். ஐந்து நிமிடத்தில் பழுப்பு நிறக் கஞ்சி, சுங்ன்யுங். வயிற்றுக்கு இதமாக இருக்கும். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா வீடியோவில் வந்தாள். பையன்களை விசாரித்தாள், சட்டியைக் காட்டச் சொன்னாள், ஆச்சியின் சட்டியைவிட இது கனம் குறைவு என்று பார்த்தமாத்திரத்தில் தீர்ப்பு சொன்னாள். அப்புறம், "சோயாப் பயறுங்கியே, வாயுல்லா? பெருங்காயம் ஒரு சிட்டிகை போட்டியா?" என்றாள்.

போடவில்லை. போட்டேன் என்று சொல்லிவிட்டேன்.